ரஜ்ஜு அடுத்த கிழமை

ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கி, பத்தில் இரண்டு பங்கை மட்டும் முடித்து, மிச்சத்தை அப்படியே விட்டவன் நான். இதற்காக நான் வெட்கப்படவில்லை. (வெட்கப்பட எனக்கு வேறு காரணங்கள் தேவைக்கு மேலேயே உண்டு.) இத்தாலியின் பலேர்மோ நகரில் எங்கள் தமிழ் ஆட்களில் யாரைக் கேட்டாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார்கள். சிரிக்கட்டும். என் குரல், என் முகம் போன போக்கு, எதைப் பற்றியும் சிரிக்கலாம். நான் தேர்ந்தெடுத்த முறை பிழை என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்ல வரக் கூடாது.

நான் எப்படிப்பட்ட ஆள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பலேர்மோ பஸ்ஸில் கூட்டத்தை விலக்கி இறங்குவதென்றால் "பெர்மெஸ்ஸோ" என்று சொல்ல வேண்டும். வழி விடுங்கள் என்று அர்த்தம். நான் அதை எனக்கே கேட்காத குரலில் சொல்லுவேன். ஒருவரும் அசைய மாட்டார்கள். என் தரிப்பிடம் போய்விடும், அடுத்ததும் போய்விடும். கடைசியில் மொண்டெல்லோ கடற்கரை வரை போய், பஸ் வெறுமையான பிறகு இறங்கி, திரும்பி வருவேன். அந்தக் கடற்கரையை நான் அவ்வளவு நன்றாக அறிந்ததற்கு வேறு காரணம் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஊரில், யாழ்ப்பாணத்தில், சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவன். பலேர்மோவில் ஓர் இஞ்செனியேரே, அதாவது பொறியியலாளர், வீட்டில் வேலை. சமையல், துப்புரவு, நாயை நடத்திக்கொண்டு போவது. அந்த மனிதர், கப்பலில் வாகனங்களை எந்த ஒழுங்கில் ஏற்றுவது என்று சொல்லும் மென்பொருளை வீட்டிலிருந்தே எழுதுபவர். பிஜாமாவோடு கணினிக்கு முன்னால் இருப்பார். பத்து வரி எழுதுவார், ஓட்டிப் பார்ப்பார், இங்கே எழுத முடியாத ஒரு சிசிலியச் சொல்லைச் சொல்லுவார், திருத்துவார், துறைமுகத்துக்குத் தொலைபேசி எடுத்து "இவ்வளவும் சரியா?" என்று கேட்பார், மறுபடி பத்து வரி. மென்பொருள் என்பது திட்டித் திட்டிச் செய்யும் பொருள் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். புதுக் கணினி வாங்கியபோது பழையதையும் ஒரு பிரிண்டரையும் பேசிக் என்ற கணினி மொழிப் புத்தகம் ஒன்றையும் எனக்குத் தந்தார். நாய் தூங்கும் நேரங்களில் நான் அந்தப் புத்தகத்தோடு மல்லுக்கட்டினேன்.

இந்தச் செய்தி எப்படியோ எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவருக்குப் போய்விட்டது.

அப்போது எங்கள் ஆட்களுக்குப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. கலியாணப் பொருத்தம் பார்க்க ஆள் இல்லை. ஊரில் சண்டை, கடிதம் போனால் வருவது நிச்சயமில்லை. பலேர்மோவில் இருந்த ஒரே ஐயர் பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய மாளிகையில் தோட்ட வேலை செய்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் ரயிலில் வந்து, நாங்கள் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் பூசை செய்வார். பூசை முடிந்ததும் பிள்ளையாரைவிட அவரைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம்.

"ரண்டு நட்சத்திரத்தையும் குடுத்தால் பத்துப் பொருத்தத்தையும் கம்பியூட்டர் சொல்ல வேணும்," என்றார் தலைவர். "தம்பி, உன்னட்டை பெட்டி இருக்காம். ரவியும் கம்பியூட்டர் கந்தோரிலைதான் வேலை. ரண்டு பேரும் சேர்ந்து செய்யுங்கோ."

ரவி அண்ணை கம்பியூட்டர் கந்தோரில் வேலை செய்தது உண்மை. வியா மக்வேதா என்ற தெருவில், கணக்கு மென்பொருள் செய்யும் ஓர் அலுவலகத்தைக் கூட்டித் துடைத்தார்.

அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். வதனி. எனக்கு அந்த வேலையை ஏற்கத் துணிவு வந்ததன் காரணம் கணினி அல்ல என்பதை இப்போது ஊகித்திருப்பீர்கள்.

அவளோடு நான் ஒரு சொல்லும் கதைத்தது கிடையாது. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை அர்ச்சனை வரிசையில் தெரிந்தது. ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். "வதனி, ரேவதி நட்சத்திரம்," என்று அவள் மண்டபம் முழுக்கக் கேட்கச் சொல்லுவாள். சில பேருக்குப் பின்னால் நான் நிற்பேன். என் முறை வந்ததும் நானும் சொல்லுவேன். ஐயர் காதைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்துவிட்டு, "சரி, சுவாமி பேரிலையே செய்வம்," என்று முடித்துவிடுவார். பலேர்மோவில் பிள்ளையாருக்கு அவருடைய பெயரிலேயே அதிகம் அர்ச்சனை செய்வித்தவன் நான்தான்.

முதல் கூட்டம் ரவி அண்ணையின் வீட்டில் நடந்தது. பலாரோ சந்தைக்கு மேல் மாடி. கீழே மீன்காரர் கத்துவது சன்னலால் உள்ளே வரும். அவர் ஒரு பெரிய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஐந்து பெட்டிகள் கீறிச் சுவரில் ஒட்டியிருந்தார். படிக்கட்டு மாதிரி ஒன்றின் கீழ் ஒன்று, நடுவில் அம்புக்குறிகள். அவருடைய அலுவலகச் சுவரில் அப்படி ஒன்று இருந்ததாம். துடைக்கும்போது விளக்கம் கேட்டு வந்திருந்தார்.

"இஞ்சை பார் தயா. மேல் பெட்டியிலை என்ன வேணும் எண்டு முழுக்க எழுதிறது. எல்லாரும் கையெழுத்து வைச்சாப் பிறகுதான் அடுத்த பெட்டி. தண்ணி மாதிரி மேலையிருந்து கீழை. திரும்பி மேலை ஏறேலாது."

"பிழை வந்தால்?"

"வராது. அதுக்குத்தானே முதலே எழுதிறது."

"எங்கடை இஞ்செனியேரே அப்பிடிச் செய்யிறேல்லை, அண்ணை. கொஞ்சம் செய்வார், காட்டுவார், திருத்துவார். பிறகு கொஞ்சம்."

"உங்கடை இஞ்செனியேரே பிஜாமாவோடை இருக்கிற ஆள். எங்கடை ஆக்கள் கழுத்திலை ரை கட்டினவை."

எனக்குக் கோபம் வந்தது. என் முதலாளியின் பிஜாமாவைப் பற்றி நான் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அடுத்தவன் சொல்லக் கூடாது. எங்கள் இருவருக்கும் மென்பொருள் முறைகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் துடைத்த இடத்தில் கண்டதுதான். அவர் சுவரைத் துடைத்தார். நான் மேசையைத் துடைத்தேன். ஆனாலும் அன்று நாங்கள் பிரிந்து நின்ற விதத்தைப் பார்த்தால், ஆளுக்கொரு பல்கலைக்கழகம் நடத்துகிறோம் என்று நினைத்திருப்பீர்கள்.

வதனி தேநீர் கொண்டு வந்தாள். சுவரைப் பார்த்தாள்.

"அண்ணா, உந்தப் பெட்டியள் ஒண்டுக்குள்ளை ரீயையும் எழுதி விடுங்கோ. இல்லாட்டில் குடிக்க மறந்து போவியள்."

நான் சிரித்தேன். தேநீர் மூக்கில் ஏறியது. அவளுக்கும் எனக்கும் இடையே நடந்த முதல் சம்பவம் அதுதான்.

அதன் பிறகு ரவி அண்ணை அந்த விஷயத்தைச் சொன்னார். ஜெர்மனியிலிருந்து வதனிக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. "கம்பியூட்டரிலை பொருத்தம் பாத்துச் சொல்லுறம் எண்டு சொல்லிப் போட்டன். அவையளுக்கும் ஒரு மதிப்பு வரும். சரி எண்டு வந்தால் அடுத்த கிழமையே ஓம் எண்டு சொல்லிவிடுவன்."

ஆக, அவளை ஜெர்மனிக்கு அனுப்பும் யந்திரத்தை நான் செய்துகொண்டிருந்தேன். கொஞ்சம் கெட்டிக்காரன் என்றால் அந்த ஜெர்மனிக்காரரின் நட்சத்திரத்தை யந்திரத்துக்குள் 'கவனித்து' வைத்திருப்பான். எனக்கு அது தோன்றவே இல்லை.

எந்த முறை என்று தலைவரிடம் கேட்டோம். "எனக்குப் பெட்டியும் வேண்டாம், பிஜாமாவும் வேண்டாம். வருசப்பிறப்புக்கு அடுத்த ஞாயிறு சனத்துக்கு முன்னாலை ஓட வேணும்," என்றார்.

ரவி அண்ணை மேல் பெட்டியைத் தொடங்கினார். பகேரியாவுக்கு ரயிலில் போய் ஐயரிடம் விதிகளைக் கேட்டு எழுதினார். எங்கள் ஆட்களில் சாத்திரம் தெரிந்த இன்னொருவர் பூமணி அன்ரி. ஐயரின் விதிகளைக் கேட்டதும், "உவருக்கு என்ன தெரியும்," என்று வேறு விதிகள் சொன்னார். அன்ரி சொன்னதைக் கேட்டு ஐயர் விதிவிலக்குச் சொன்னார். விதிவிலக்குக்கு அன்ரி விலக்குச் சொன்னார். இருவரும் கையெழுத்து வைக்காமல் ரவி அண்ணை இரண்டாம் பெட்டிக்கு இறங்க மறுத்தார். பலேர்மோ – பகேரியா ரயிலில் அவரைப் பரிசோதகர் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்.

நான் காத்திருக்கவில்லை. முதல் பொருத்தம் தினம், அதை எழுதினேன். இரண்டாவது கணம், அதையும் எழுதினேன். மிச்சம் எட்டு. அவை பிறகு. ஆனால் யந்திரம் ஓட வேண்டுமே. அதனால் அந்த எட்டுக்கும் ஒவ்வொரு வரி போட்டேன்: யார் வந்து கேட்டாலும் 'உண்டு' என்று சொல்லு. சுவர் எழும்பும் வரை பலகை வைத்து மறைப்பது போல. பிறகு ஒவ்வொரு பலகையாக எடுத்துவிட்டு உண்மையான சுவரை வைக்கலாம். இதில் என்ன பிழை? இன்றும் கேட்கிறேன்.

இன்னொரு சின்ன வசதியும் செய்தேன். சோதித்துப் பார்க்க ஒவ்வொரு முறையும் இரண்டு பெயர், இரண்டு நட்சத்திரம் தட்ட வேண்டியிருந்தது. கை வலித்தது. அதனால் யந்திரம் திறந்ததும் தானாகவே ஒரு சோடியை எடுத்து, பொருத்தம் பார்த்து, பிரிண்டரில் அடித்துவிடும்படி வைத்தேன். ஒரு பெண் நட்சத்திரம் வேண்டும். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த பெண் நட்சத்திரம் உலகத்தில் ஒன்றுதான். ஆண் நட்சத்திரத்துக்கு எங்கே போவது, என்னுடையதையே போட்டேன். (வேறு யாருடைய பெயரையும் அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் தட்ட விரல் போகவில்லை என்பதும் உண்மைதான்.) தனியாக இருந்து அதை எத்தனை முறை ஓட்டினேன் என்று கேட்க வேண்டாம். எல்லாம் சோதனைக்காக.

அந்த ஞாயிறு வந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். சேலை, வேட்டி, புதுச் சட்டை. தலைவர் ஒலிவாங்கியோடு நின்றார். ரவி அண்ணை ரை கட்டி வந்திருந்தார். வதனி முன் வரிசையில் பெண்களோடு இருந்தாள். அவளைக் கண்டதும் என் மூளையில் இருந்த எல்லாம் துப்புரவாக அழிந்தது. ஓட்டுவதற்கு முன் அந்தச் சோடியை எடுத்துவிட வேண்டும் என்பதும் அதோடு போயிற்று.

"தொடங்கு தம்பி," என்றார் தலைவர். நான் தொடங்கினேன்.

பிரிண்டர் சத்தம் போடத் தொடங்கியது. அந்தக் காலத்துப் பிரிண்டர் அடித்தால் கீழ்வீட்டு நாய் குரைக்கும். அதை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியும்; கைதான் வரவில்லை. தலைவர் தாளைக் கிழித்து, கண்ணாடியை மாட்டி, ஒலிவாங்கியைக் கிட்டப் பிடித்து, செய்தி வாசிப்பவரைப் போல வாசித்தார்.

"பெண், வதனி. நட்சத்திரம், ரேவதி. ஆண், தயாபரன். நட்சத்திரம், அசுவினி. பொருத்தம், பத்துக்குப் பத்து. உத்தமம்." கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "தயாபரன் எண்டால், நீயே?"

"ஓம்," என்றேன். வழக்கமான குரலில்தான் சொன்னேன். ஆனால் ஒலிவாங்கி இடையில் இருந்தது. என் வாழ்க்கையில் முதல் முறையாக நான் சொன்ன ஒரு சொல் எல்லோருக்கும் கேட்டது.

ரவி அண்ணை எழும்பினார். "உதென்ன தயா?"

"சோதனைக்கு, அண்ணை."

"சோதனைக்கு என்ரை தங்கச்சியோ?"

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே பூமணி அன்ரி கையை உயர்த்தினார். அவருக்கு என் மானத்தைவிடச் சாத்திரம் முக்கியம்.

"அது கிடக்கட்டும். எப்பிடிப் பத்து வந்தது? ரேவதியும் அசுவினியும் ரஜ்ஜு தட்டுமே. ரண்டும் பாத ரஜ்ஜு."

தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். பத்துப் பொருத்தத்தில் ரஜ்ஜு ஒன்பதாவது. மற்ற எல்லாம் இருந்தும் அது இல்லையென்றால் பலர் எழும்பிப் போய்விடுவார்கள். நட்சத்திரங்களைத் தலை, கழுத்து, வயிறு, தொடை, பாதம் என்று பிரித்திருக்கிறார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே பிரிவில் வரக் கூடாது. இருவரும் பாதத்தில் வந்தால் வாழ்நாள் முழுக்க அலைச்சல் என்பது பலன்.

"பொறுங்கோ," என்றார் தலைவர். "என்ரையும் மனிசியின்ரையும் நட்சத்திரத்தைப் போட்டுப் பாப்பம்." போட்டேன். தினம் இல்லை, கணம் இல்லை. பிரிண்டர் பத்துக்கு எட்டு என்று அடித்தது.

"இந்தாளோடை எனக்கு எட்டோ?" என்றார் தலைவரின் மனைவி. "கட்டின காலம் தொடக்கம் சண்டை. உது பொய்ப் பெட்டி."

ரவி அண்ணைக்கு விளங்கிவிட்டது. "நீ ரஜ்ஜு செய்யேல்லையே?"

"ரஜ்ஜு அடுத்த கிழமை, அண்ணை."

இந்த இடத்தில் மண்டபம் சிரித்த சிரிப்பை நான் இன்னும் கேட்கிறேன்.

"நான் சொன்னனான்," என்று அவர் சுவரில் இல்லாத பெட்டிகளைக் காட்டினார். "முழுக்க எழுதிப் போட்டுத் தொடங்குவம் எண்டு சொன்னனான். கேட்டியே?"

அப்போதுதான் எனக்குள் ஏதோ அறுந்தது. வதனியைப் பற்றிக் கதைக்க எனக்கு வாய் இல்லை. அதனால் வாயில் இருந்த முழுப் பலத்தோடும் முறையைப் பற்றிக் கதைத்தேன்.

"முழுக்க எழுதினால் எப்ப முடியும், அண்ணை? உங்கடை முதல் பெட்டியிலை ஐயரும் அன்ரியும் இன்னும் சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கினம். நான் கொஞ்சம் செய்தன், காட்டினன். காட்டினபடியால்தான் ரஜ்ஜு இல்லை எண்டு இப்ப தெரியுது. தெரிஞ்சால் திருத்தலாம். தெரியாமல் பெட்டி கீறி என்னத்தைக் காணுறது? நான் செய்தது சரி. என்ரை முறை சரி."

என் வாழ்க்கையில் நான் ஆற்றிய ஒரே மேடைப் பேச்சு இதுதான். ஒருவரும் கைதட்டவில்லை.

"முறை கிடக்கட்டும் தம்பி," என்றார் பூமணி அன்ரி, இரக்கமாக. "பாத ரஜ்ஜு பொல்லாதது. ஊர் ஊரா அலைய வைக்கும்."

"அன்ரி." வதனி இருந்த இடத்திலிருந்தே திரும்பினாள். "யாழ்ப்பாணத்திலையிருந்து கொழும்பு. கொழும்பிலையிருந்து மொஸ்கோ. பிறகு லொறி, காடு, பனி, ரயில், இஞ்சை. இனியும் அலையிறதுக்கு எங்கையும் இடம் மிச்சம் இருக்கே?"

அந்த மண்டபத்தில் இருந்த எல்லோரும் ஏறக்குறைய அதே பாதையால் வந்தவர்கள். ரஜ்ஜு சரியாகப் பார்த்துக் கட்டியவர்களும் அதே லொறியில்தான் வந்திருந்தார்கள்.

ரவி அண்ணை தலையில் கை வைத்தார். "இப்ப நான் ஜெர்மனிக்கு என்ன சொல்லுறது?"

"கம்பியூட்டர் இன்னும் முடியேல்லை எண்டு சொல்லுங்கோ," என்றாள் வதனி.

கூட்டம் வடை சாப்பிடப் போனது. நான் கணினியைத் தூக்கிக்கொண்டு பின்படியால் இறங்கினேன். பாரத்தால் முகம் சிவந்திருக்கிறது என்று பார்ப்பவர்கள் நினைக்கட்டும் என்பது என் திட்டம். கீழ்ப்படியில் அவள் நின்றாள். கையில் அந்தத் தாள், நாலாக மடித்திருந்தது.

"மிச்சம் எட்டும் முடிக்க எவ்வளவு காலம் எடுக்கும்?"

"கெதியாச் செய்தால்... ஒரு மாசம்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். தன் வாழ்நாளில் என்னைவிட மந்தமான ஆளை அவள் கண்டிருக்க மாட்டாள்.

"முடிக்காதேங்கோ," என்றாள். தாளைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

நான் கணினியோடு வீடு வரை நடந்தேன். பஸ் ஏறவில்லை. அன்று மட்டும் "பெர்மெஸ்ஸோ" என்று சத்தமாகச் சொல்லியிருப்பேன் போல் இருந்தது. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க விரும்பவில்லை.

அதன் பிறகு மாதங்கள் போயின. ஜெர்மனிக்காரர் பொறுமை இழந்து வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். ரவி அண்ணை என்னோடு கதைக்காமல் இருந்தார், பிறகு முறைத்துக்கொண்டே கதைத்தார், பிறகு வதனி விட்டபாடில்லை என்றதும் சம்மதித்தார். ஒரு நிபந்தனை: கலியாணம் அவருடைய முறைப்படி நடக்க வேண்டும். சுவரில் மறுபடி பெட்டிகள் ஏறின. மண்டபம், சாப்பாடு, ஐயருக்கு ரயில், பூ, தவில் வாசிக்க ஒலிநாடா, எல்லாவற்றுக்கும் பெட்டி, எல்லாவற்றுக்கும் கையெழுத்து. கலியாணத்தன்று காலை எல்லாம் அச்சொட்டாக நடந்தது. மாப்பிள்ளையை யார் கூட்டி வருவது என்பதற்கு மட்டும் பெட்டி இல்லை. நான் பட்டு வேட்டி, தலைப்பாகையோடு பஸ்ஸில் போனேன். அந்தக் கோலத்துக்குப் "பெர்மெஸ்ஸோ" தேவைப்படவில்லை. சனம் தானாகவே வழிவிட்டது. ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

அலைச்சல் என்றார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது பொருத்தம், பத்துப் பொருத்தம் பார்த்துக் கட்டியவர்கள் லண்டன் போனார்கள், கனடா போனார்கள், சிலர் இரண்டுக்கும் போய்த் திரும்பினார்கள். பாத ரஜ்ஜுக்காரராகிய நாங்கள் இன்றும் பலாரோவில், ரவி அண்ணை முதல் கூட்டம் வைத்த அதே கட்டடத்தில், அதே மீன்காரரின் மகன் கத்துவதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறோம். அசையவில்லை.

எங்கள் மகளுக்கு இப்போது தூரினோ நகரில் மென்பொருள் வேலை. போன முறை வந்தபோது இந்தக் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு, "பப்பா, எங்கடை கந்தோரிலை எல்லாரும் இப்ப நீங்கள் செய்த மாதிரித்தான் செய்யினம். கொஞ்சம் செய்து, காட்டி, திருத்தி. அதுக்குப் பெயரும் இருக்கு, படிப்பும் இருக்கு," என்றாள். நான் ரவி அண்ணைக்கு உடனே தொலைபேசி எடுத்தேன். அவர் "அவையள் ரை கட்டுறவையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அதுதான்," என்றார்.

எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினால், சுவருக்குப் பாதி நிறம் பூசி நின்றால், எனக்குச் சொன்ன வேலை எதையாவது நான் தள்ளிப் போட்டால், "ரஜ்ஜு அடுத்த கிழமை," என்றுதான் சொல்லுவார்கள். அந்தக் கணினி அலுமாரிக்கு மேல் இருக்கிறது. ஓடுமோ தெரியாது. வதனி எறிய விடமாட்டாள். ஒவ்வொரு வருசப்பிறப்புக்கும் ரவி அண்ணை சாப்பிட வருவார். கை கழுவி, இருந்து, முதல் கவளம் வாயில் வைக்கும் முன் அந்தக் கணினியை அண்ணாந்து பார்ப்பார்.

"என்ன மச்சான், ரஜ்ஜு முடிஞ்சுதே?"

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பேன். என் குரல் வெளியே வருவதற்குள் குசினியிலிருந்து அவள் குரல் வந்துவிடும். பிள்ளையார் மண்டபத்தில் கேட்ட அதே குரல்.

"அடுத்த கிழமை, அண்ணா. சாப்பிடுங்கோ."